இரண்டு நாற்காலிகளும் ஒரு மஸில் பிரேக்கும்

குமரப்பச் செட்டியார் நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார் என்ற செய்தி, அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டுவதற்குள் கொத்தமங்கலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. நாற்காலியின் பின்னங்கால் ஒடிந்துவிட்டது என்று அவர் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பங்காளி மெய்யநாதன், முறைக்கு ஒன்றுவிட்ட தம்பி, அந்த நாற்காலியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் ரைஃபிள் கிளப் வாசலில் போட்டார். அசல் பர்மாத் தேக்கு. போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, செத்த உட்கார்ந்து பாருங்கள், கால் உறுதியாக இருக்கிறதா என்று எனக்கொரு சந்தேகம் என்று மிகவும் கவலையோடு கேட்டுக்கொண்டார். உட்கார்ந்தவர்கள் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்கள். கால் அசையவில்லை. அசைந்தது குமரப்பரின் பிரசிடெண்ட் பதவிதான்.

விழுந்ததற்குக் காரணம் துப்பாக்கியின் உதை. அது அவருக்கும் அவர் மனைவி நாச்சியம்மை ஆச்சிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்று குமரப்பர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு ஊர் தோறும் குறி சுடப் பழகுங்கள் என்று மேலிடத்தில் சொன்னபோது, கொத்தமங்கலத்தில் முதலில் கிளப்புக்குப் பெயர்ப்பலகை வந்தது. அதற்கப்புறம் பிரசிடெண்ட் வந்தார். துப்பாக்கிகள் கடைசியாக வந்தன. வந்தவை சின்ன ரைஃபிள்கள். பாய் விரித்துப் படுத்துச் சுட வேண்டும். தும்மல் போட்ட மாதிரி ஒரு சத்தம், அதோடு சரி. அவற்றுக்கு உதையென்றே ஒன்று கிடையாது. ஆனால் ஆண்டு விழாவின் முதல் வெடியை, மேசையில் வைத்துச் சுடும் தம்முடைய பெரிய இலக்கு ரைஃபிளால் பிரசிடெண்ட்தான் வைக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. விதியைப் போட்டவர் குமரப்பர். அந்த ரைஃபிள் அவரைப் பெற்ற அப்பச்சி ரங்கூனில் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கியது. வெள்ளைக்காரன் ஏன் அதை விட்டுவிட்டுப் போனான் என்பது முதல் வேட்டிலேயே குமரப்பருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு அவர் வலது தோள் நாவல்பழ நிறத்துக்கு வந்தது. ஆச்சி வீட்டின் பின்புறம் மூன்றாம் கட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். வெளியில் வாதம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மாசி மாதம் நெருங்கினால் அவருக்குத் தோள் முன்கூட்டியே வலிக்கத் தொடங்கும். விசையை இழுக்கும்போது கண் இரண்டும் தாமாக மூடிக்கொள்ளும். குண்டு எங்கே போகிறது என்பது குண்டுக்குத்தான் வெளிச்சம். போன வருஷம், அதாவது அறுபத்தெட்டில், கண் மூடியதோடு காலும் தரையை விட்டது.

பதவி போனால் போகட்டும் என்று விட்டுவிடக் கூடாதா என்று கேட்கலாம். பர்மாவில் இருந்ததெல்லாம் பர்மாவோடு போய்விட்ட ஒருவர், எண்ணிப் பார்க்கச் சலிக்கிற அளவுக்குக் கதவுகள் உள்ள வீட்டில், காலையில் எழுந்து எல்லாக் கதவையும் திறக்கச் சொல்லி, சாயங்காலம் எல்லாக் கதவையும் சாத்தச் சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லாமல் இருந்தார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரசிடெண்ட் ஆன பிறகு அவருக்கு ஒரு கோட்டு வந்தது. துரைமார் போடுகிற ஒரு சோலாத் தொப்பி வந்தது. காரைக்குடிக் கடைத்தெருவில் நடந்தால் நாலு பேர் கும்பிட்டார்கள். அதையும் எடுத்துவிட்டால் அவர் வெறும் கதவு திறக்கிற ஆள்.

இதெல்லாம் மெய்யநாதனுக்கும் தெரியும். அவர் வைஸ்-பிரசிடெண்ட். வருகிற ஆண்டு விழாவிலும் அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், உடம்புக்கு முடியாதவரை நாம் மேலும் கஷ்டப்படுத்தக் கூடாது, கூட்டத்திலேயே வேறு ஏற்பாடு பேசிவிடலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பரிவோடு சொல்லி வந்தார்.

இந்த நிலையில்தான் பினாங்கிலிருந்து குமரப்பரின் மைத்துனர் ஒரு பிஸ்கட் டப்பா அனுப்பினார். அதைச் சுற்றியிருந்த இங்கிலீஷ் பத்திரிகைத் தாளை, வீட்டு வழக்கப்படி எறியாமல் நீவி மடிக்கப் போன குமரப்பர், அதில் ஒரு துப்பாக்கிப் படத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். குழல் வாயில் புல்லாங்குழல் துண்டு மாதிரி ஒன்று மாட்டியிருந்தது. பக்கவாட்டில் ஓட்டைகள். பெயர், மஸில் பிரேக். அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்ததில் விஷயம் பிடிபட்டது. குண்டு குழலை விட்டுப் போகும்போது பின்னாலேயே வெடிமருந்துப் புகையும் முன்னால் சீறிக்கொண்டு பாய்கிறது; அது முன்னால் பாய்கிற வேகத்துக்குத்தான் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது; குழல் வாயில் ஓட்டை போட்டு அந்தப் புகையை இரண்டு பக்கமும் திருப்பி விட்டால் உதை பாதிக்கு மேல் குறைந்துவிடும். கீழே இன்னும் ஏதோ எழுதியிருந்தது. ஆனால் தாளின் அந்தப் பாதி டப்பாவின் அடியில் பசையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்துவிட்டது. நமக்கு வேண்டியது மேல் பாதியிலேயே இருக்கிறது என்று குமரப்பர் திருப்திப்பட்டார்.

மறுநாளே காரைக்குடியில் சத்தியமூர்த்தியின் லேத்துப் பட்டறைக்குப் போனார். சத்தியமூர்த்தி பம்ப் செட்டுக்கும் பஸ்ஸுக்கும் சாமான் கடைந்து கொடுப்பவன். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஓடுகிற வண்டிக்குப் பிரேக் சரி, துப்பாக்கி எங்கே ஓடுகிறது என்று கேட்டான். ஆனாலும் குழலை அளந்து, இரும்பில் கடைந்து, உள்ளே மரை வெட்டி, எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் நிற்கும்படி பின்னால் ஒரு பூட்டு நட்டும் போட்டு, ஓட்டை போடுகிற இடத்துக்கு வந்தான். அங்கேதான் நாச்சியம்மை ஆச்சியின் வார்த்தை குறுக்கே வந்தது.

அந்த வீட்டுக்குள் விலாசம் வெட்டாத பொருள் ஒன்று நுழைந்ததில்லை. அண்டாவிலிருந்து கரண்டி வரைக்கும், ஏன், எலிப்பொறி வரைக்கும், குடும்பத்து முன்னெழுத்துகளான 'சோ.மெ.சித.' வெட்டியிருக்கும். சோமு என்பது கொள்ளுத்தாத்தாவான பாட்டையா. மெய்யநாதன் என்பது தாத்தாவான ஐயா, பேரன் முறைப்படி பங்காளிக்கு வாய்த்த பெயரும் அதுதான். சிதம்பரம் என்பது குமரப்பரின் அப்பச்சி. புதிதாக வருகிற இந்தக் குழாய்க்கு மட்டும் விலாசம் வேண்டாமா, நாளைக்குக் கிளப்பில் காணாமல் போனால் யாருடையது என்று எப்படிச் சொல்வது என்று ஆச்சி கேட்டிருந்தாள். நியாயமாகத்தான் பட்டது. சத்தியமூர்த்தி மட்டும் தலையைச் சொறிந்தான்.

"பேரு வெட்டணும்னா ஒரு பக்கம் எடம் விடணும். இடது பக்கத்து ஓட்ட கொறஞ்சு போகுமே."

"கொறையட்டும்ப்பா. காத்து போறதுக்கு ஒரு ஓட்ட பத்தாதா? பேரு பளிச்சுன்னு தெரியணும்."

அப்படியே வலது பக்கம் வரிசையாக ஓட்டைகளும், இடது பக்கம் அழகான எழுத்தில் விலாசமும், விலாசத்துக்குப் பின்னால் போனால் போகிறதென்று ஓரிரு சின்ன ஓட்டைகளுமாகக் கொத்தமங்கலத்தின் முதல் மஸில் பிரேக் தயாரானது.

சோதனைக்கு மானகிரிப் பக்கத்து வறண்ட கண்மாய்க்குப் போனார்கள். கூட வந்தவன் கிளப்பின் வேலையாள் இருளாண்டி. குறிப்பலகை நடுவது, துப்பாக்கி சுமப்பது, பிரசிடெண்ட் சுடும்போது பின்னால் தயாராக நிற்பது இதெல்லாம் அவன் வேலை. போன வருஷம் அந்த நேரம் பார்த்து அவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். இன்றைக்கு முதலாளிக்கு வெயில் படாமல் வலது பக்கம் நின்று குடை பிடித்துக்கொண்டிருந்தான்.

குமரப்பர் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, விசையை இழுத்தார். கண்ணைத் திறந்தபோது நாற்காலியில்தான் இருந்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார். பூனை வந்து உரசிவிட்டுப் போன மாதிரி இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கண்ணும் கலங்கியது. இன்னொரு தோட்டாவைப் போடப் போனவர், வெயில் சுள்ளென்று தலையில் அடிப்பதை உணர்ந்து, குடை எங்கே என்று திரும்பினார். குடை, தாமரை மாதிரி மேல் பக்கமாக விரிந்திருந்தது. அதைப் பிடித்திருந்த இருளாண்டியின் தலைப்பாகை தூரத்தில் ஒரு கருவேல மரத்தில் ஏறியிருந்தது. அவன் முகத்தில் மீசை எது, புழுதி எது என்று சொல்ல முடியவில்லை. காதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினான்.

"ஒதை போகலீங்க முதலாளி. பக்கத்துல நிக்கிறவனுக்கு மாத்தி விட்டிருக்கீக."

அப்போதுதான் குமரப்பருக்கு இரண்டு நாற்காலிகளின் ஞாபகம் வந்தது.

அந்த நாற்காலிகளின் கதையையும் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டு விழாவில் பெரியமனிதர்களைச் சுடுகிறவருக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பின்னால் நிற்பதும் உட்காருவதும் கூட வந்த ஆட்களுக்குத்தான் என்று சுற்றுவட்டாரத்து நாட்டார்கள் தரப்பில் அவர்கள் தலைவர் பெரியகருப்பன் அம்பலம் எழுந்து போய்விட்டார். கிளப்பில் பாதிப்பேர் அவர் தலையாட்டினால் ஆட்டுகிறவர்கள். பல கூட்டங்கள் பேசி, கடைசியில் கோயில் மரியாதை மாதிரியே ஒரு ஏற்பாடு முடிவானது. மேசைக்கு வலது பக்கம் அம்பலத்துக்கு ஒரு நாற்காலி. இடது பக்கம் வைஸ்-பிரசிடெண்டுக்கு ஒரு நாற்காலி. பின்னாலும் இல்லை, நடுவிலும் இல்லை. குழலின் இரு பக்கவாட்டிலும், துவாரபாலகர்கள் மாதிரி. அப்போதுதான் காரைக்குடி ஸ்டுடியோக்காரர் எடுக்கிற படத்தில் துப்பாக்கியோடு மூன்று முகமும் விழும்.

இடது நாற்காலியில் மெய்யநாதன் உட்காருவதை நினைத்தபோது குமரப்பருக்கு மனசுக்குள் ஒரு குளுமை பரவியது. அதை அவர் விரட்டவில்லை. ஆனால் வலது நாற்காலியை நினைத்தபோது அந்தக் குளுமை ஓடிவிட்டது. அம்பலத்தின் தலையாட்டல் இல்லாமல் பதவி இல்லை. அவரைப் புழுதியில் குளிப்பாட்டிவிட்டு அவரிடமே ஆதரவு கேட்பது எப்படி? பிரேக்கைப் பற்றிச் சொல்லவும் முடியாது. சொன்னால் உதைக்குப் பயந்தவர் என்று ஆகிவிடும்.

விழாவுக்கு முன்னால் அம்பலத்தின் வீட்டுக்கு வெற்றிலைத் தட்டோடு போனார். வெயில், புகை, மருந்து நாற்றம் என்று சுற்றி வளைத்து, இந்த வருஷம் நாற்காலியைச் சற்றுப் பின்னால் போட்டால் உங்களுக்குச் சௌகரியமாக இருக்குமே என்று முடித்தார். அம்பலம் வெற்றிலையைத் தொடவில்லை.

"செட்டியாரே, அந்த எடம் எங்க பாட்டன் காலத்துலருந்து எங்களுக்கு உள்ளது."

கிளப் தொடங்கி நாலு வருஷம்தான் ஆகிறது என்று சொல்லக் குமரப்பர் வாயைத் திறந்து, அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

"அதுக்கில்ல அம்பலம், ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எங்க நல்லத நாங்க பாத்துக்கிறோம். எங்குட்டு ஒக்காரணும்னு எங்களுக்கு யாரும் சொல்ல வேணாம்."

இந்தப் பேச்சு மதிலைத் தாண்டி மெய்யநாதன் காதுக்கும் போனது. பின்னால் தள்ளப் பார்க்கிறார்கள் என்றால் முன்னால் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. விழா நாள் காலையில் ஊர்க் கண்மாய்க்குள் போட்டிருந்த மேடைக்குக் குமரப்பர் வந்தபோது, இடது நாற்காலி போன வருஷத்தைவிட ஒரு முழம் முன்னால் நகர்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அம்பலத்தின் ஆட்கள் வலது நாற்காலியை ஒன்றரை முழம் நகர்த்தினார்கள். இரண்டு பெரியமனிதர்களும் பிரேக்குக்குப் பக்கத்தில், அதன் ஓட்டைகளை எட்டிப் பார்க்கிற தூரத்தில், கும்பிட்ட கையோடு உட்கார்ந்தார்கள். இருளாண்டி எங்கே என்று குமரப்பர் தேடினார். அவன் கண்மாய்க்கரைக்கு அப்பால் நின்றிருந்தான்.

குமரப்பரின் காதில் ஆச்சி வைத்துவிட்ட பஞ்சு இருந்தது. அவர் தம் குலதெய்வத்தையும், அதற்கடுத்து அம்பலத்தின் குலதெய்வத்தையும் வேண்டிக்கொண்டு சுட்டார்.

புழுதி அடங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. குமரப்பர் நாற்காலியில் சிலை மாதிரி நிமிர்ந்திருந்தார். சோலாத் தொப்பிகூடச் சாயவில்லை. கூட்டம் கை தட்டியது. அவர் மெள்ள வலது பக்கம் திரும்பினார். அம்பலத்தின் முறுக்கு மீசையின் ஒரு பாதி காதைத் தொட்டது; மறு பாதி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. தோளில் இருந்த ஜரிகைத் துண்டு, அவருக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் யாரோ ஒருவர் மடியில் கிடந்தது. இடது பக்கம் மெய்யநாதனின் நெற்றித் திருநீறு மொத்தமும் காதோரம் ஒதுங்கியிருந்தது. குமரப்பர் வசவுக்குத் தயாரானார்.

ஒன்றும் வரவில்லை. அம்பலம் மெய்யநாதனைப் பார்த்தார். மெய்யநாதன் அம்பலத்தைப் பார்த்தார். எதிராளி அசையாமல் இருக்கும்போது தான் அசைந்தால் என்ன ஆவது? இரண்டு பேரும் தினமும் காலையில் இப்படித்தான் முகம் கழுவுகிறோம் என்பது போல உட்கார்ந்திருந்தார்கள். இருவர் காதிலும் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது என்பதும், மணியைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை என்பதும் அவரவருக்குத்தான் தெரியும். காது கேட்கவில்லை என்று சபையில் சொல்கிற வழக்கம் இருவர் குடும்பத்திலும் இல்லை.

குமரப்பர் பஞ்சை எடுத்துவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கினார். வரவேற்புக்கு அம்பலம் தலையாட்டினார். அவர் ஆட்டியதைப் பார்த்து மெய்யநாதனும் ஆட்டினார். புதுப் பாய் வாங்குவதற்கு ஆட்டினார்கள். அடுத்து, இதே பிரசிடெண்ட் தொடரலாமா, சபைக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டுக் குமரப்பர் பங்காளியைப் பார்த்தார். எதிர்த்துப் பேசுவதற்கென்று கோட்டுப் பையில் பேச்சை எழுதி வைத்திருந்த மெய்யநாதன், அம்பலத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஆழமாகத் தலையாட்டினார். ஏகமனதாக நிறைவேறியது.

அந்த வேட்டு எங்கே பட்டது என்று யாரும் கேட்கவில்லை. கரைக்கு அப்பாலிருந்து வந்த இருளாண்டி மட்டும், குறிப்பலகையில் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அன்றைக்கு வீட்டில் உப்பு வறுக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. குமரப்பர் எல்லாக் கதவையும் திறக்கச் சொன்னார். இதோடு கதை முடிந்தது என்று நினைத்தார். ஸ்டுடியோக்காரர் படத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுக்கும் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

படத்தில் வலது பக்கம் அம்பலத்தின் துண்டு, கருடனைப் போல ஆகாயத்தில் பறந்தது. இடது பக்கம் மெய்யநாதனின் துண்டு, தோளிலிருந்து சற்று எழுந்து, யோசித்துவிட்டு நின்றிருந்தது. மெய்யநாதன் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. புழுதி அடித்ததற்காகச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று குமரப்பர் நினைத்தார்.

"ஏண்ணே, அம்பலத்துக்கு அம்புட்டுக் காத்து, எனக்கு இம்புட்டுத்தானா? பங்காளின்னா அம்புட்டுக் கேவலமா?"

குமரப்பர் கையை நீட்டினார். படத்தை வாங்கிப் பார்த்தார். மெய்யநாதன் சொன்னது சரிதான். காற்று சமமாகப் பிரியவில்லை. காரணம் ஐயா பெயரும் பாட்டையா பெயரும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததுதான். அதைச் சொன்னார். பிரேக்கையும் எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. விலாசத்தைப் பார்த்ததும் மெய்யநாதன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சோவும் மெவும் அவருக்கும் சொந்தம். எழுத்தின் நடுவே துளைத்துவிட்டால் காற்று வரும் என்று சத்தியமூர்த்தி ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். ஐயா பெயரில் ஓட்டை போடுவதா என்று பங்காளிகள் இருவரும் பல வருஷங்களுக்குப் பிறகு ஒரே குரலில் கோபப்பட்டார்கள்.

விவகாரம் சபைக்கு வந்தது. வலது பக்கத்துக் காற்று தங்களுக்கு வழிவழியாக வருவது என்று அம்பலத்தின் ஆட்கள் சொன்னார்கள். அம்பலம் மட்டும் அதிகம் பேசவில்லை. வலது நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அவருடைய இடது காது, நெல் அறுப்பு முடியும் வரைக்கும் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அதை அவர் மனைவிகூட அறியாள். யோசித்துப் பேசுகிறவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, முழுக்காற்று ஒரு வருஷம் இந்தப் பக்கம், ஒரு வருஷம் அந்தப் பக்கம் என்று பிரேக்கைத் திருப்பி மாட்டட்டும், நமக்கு மனசு பெரிசு என்றார். ஊர் அவருடைய தியாகத்தைப் பாராட்டியது. அந்தப் பாராட்டின் வேகத்தில் அவர் இன்னொன்றும் சொன்னார்.

"ஒரு சங்கதி. கோயில்ல பரிவட்டம் கட்டி விடுறவன் பெரிய ஆளா, கட்டிக்கிறவுக பெரிய ஆளா? நம்ம பிரசிடெண்டு ஒக்காந்து காத்து வாங்காம, மத்தவுகளுக்குக் காத்து விட்டுக்கிட்டு இருக்காக. இது அவுகளுக்கு மருவாதையா?"

சபை திடுக்கிட்டது. ஆமாம், இத்தனை வருஷமாக இது எப்படித் தோன்றாமல் போயிற்று? சுடுவது வேலை. வேலையை வேலைக்காரன் பார்க்க வேண்டும். பிரசிடெண்ட் என்றால் உட்கார வேண்டும். மெய்யநாதன் எழுந்தார். என் இடது நாற்காலியைப் பிரசிடெண்ட் அண்ணனுக்கே விட்டுக் கொடுக்கிறேன், முழுக்காற்றும் இனி வருஷா வருஷம் பிரசிடெண்ட் பக்கமே வரட்டும், நான் பின்னால் இருந்துகொள்கிறேன் என்றார். குமரப்பர் பங்காளியின் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் மரியாதையைத் தவிர ஒன்றுமில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. எனக்கு எதற்கப்பா என்று இழுத்தார். தன்னடக்கம் என்று கை தட்டினார்கள்.

அடுத்த மாசியில் மேசைக்குப் பின்னால் இருளாண்டி உட்கார்ந்தான், தலைப்பாகையைக் கழற்றிப் பத்திரமாக மடியில் செருகிக்கொண்டு. இடது நாற்காலியில் கோட்டும் சோலாத் தொப்பியுமாகக் குமரப்பர். காதில் ஆச்சி வைத்த பஞ்சைப் படியேறும்போதே எடுத்துவிட வேண்டியிருந்தது. பஞ்சு வைத்துக்கொண்டு காற்று வாங்குவது பரிவட்டத்தை முக்காடாகப் போட்டுக்கொள்கிற மாதிரி என்று அம்பலம் சொல்லிவிட்டார். பிரேக்கின் முழு ஓட்டைகள் வரிசையாகக் குமரப்பரைப் பார்த்தன. விலாசம் அந்தப் பக்கம், அம்பலத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பின் வரிசையில் மெய்யநாதன். அவர் காதில் இருந்த பஞ்சு யார் கண்ணையும் உறுத்தவில்லை.

"முதலாளி, வைக்கவா?" என்றான் இருளாண்டி. அவ்வளவு மரியாதையாக அவன் எதையும் கேட்டதில்லை.

குமரப்பர் தலையாட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவருக்கு ஊமைப் படம் மாதிரிதான். தொப்பி தலையில் இல்லை. வாயில் மானகிரி வரைக்குமான மண் இருந்தது. இருளாண்டி தோளைத் தடவிக்கொண்டு ஆச்சரியமாக ஏதோ சொல்வதும், பூ மாதிரி இருந்தது என்பது போல விரலைக் குவித்துக் காட்டுவதும் தெரிந்தது. யாரோ குறிப்பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். அதில் ஓர் ஓட்டை இருந்தது, அந்தக் கிளப்பின் சரித்திரத்தில் பெரிய ரைஃபிள் போட்ட முதல் ஓட்டை. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிரசிடெண்ட் மரியாதையில் உட்கார்ந்திருப்பதால் கூட்டத்தை வைஸ்-பிரசிடெண்ட் நடத்தினார். மெய்யநாதன் எழுந்து நின்றார், உதடு அசைந்தது, கையைக் குவித்தார். எதிரே அம்பலம், போன வருஷத்துப் பழக்கத்தில், கேட்பதற்கு முன்னாலேயே ஆட்டத் தொடங்கியிருந்தார். சபை முழுக்கக் குமரப்பரைத் திரும்பிப் பார்த்தது. காதில் மணி அடித்துக்கொண்டிருந்தது. காது கேட்கவில்லை என்று சபையில் சொல்கிற வழக்கம் அவர் குடும்பத்திலும் இல்லை.

அவர் நிமிர்ந்து, புன்சிரிப்போடு, ஆழமாகத் தலையாட்டினார்.

மாலை ஒன்று வந்தது. தமக்கென்று நினைத்துக் கழுத்தை நீட்டினார். அது அவரைத் தாண்டிக்கொண்டு பின் வரிசைக்குப் போனது.

தாம் எதற்குத் தலையாட்டினோம் என்பதை வீட்டில் ஆச்சி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். வெள்ளைப்பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டே, பிரசிடெண்ட் பொறுப்பை இனி நான் சுமக்கட்டுமா, அண்ணனுக்குச் சம்மதமா என்று மெய்யநாதன் கேட்டதையும், அவர் உடனே ஆட்டியதையும், ஊரே அவருடைய பெருந்தன்மையைப் பற்றித்தான் பேசுகிறது என்பதையும் அவள் உரக்கச் சொன்னாள். மூன்றாம் கட்டின் கதவைச் சாத்தியிருந்தும் அது தெருவரைக்கும் கேட்டது. குமரப்பருக்குப் பாதிதான் கேட்டது. அந்தப் பாதிக்கே அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சோறு வேண்டாம் என்றார். கதவைத் திறக்கவும் சொல்லவில்லை, சாத்தவும் சொல்லவில்லை. ஆச்சி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு நல்ல காதுப் பக்கமாகக் குனிந்து சொன்னாள்:

"நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீக? அடுத்த மாசிக்கு அந்தப் பிரசிடெண்டு நாக்காலியில ஒக்கார்றது இனி அவுகதானே."

குமரப்பர் மெதுவாகத் திரும்பினார். எழுந்து உட்கார்ந்தார். சோறு கொண்டுவரச் சொன்னார்.

காலையில் முதல் பஸ்ஸில் காரைக்குடிக்குப் போனார். சத்தியமூர்த்தி பட்டறையைத் திறந்துகொண்டிருந்தான். துண்டில் சுற்றியிருந்த பிரேக்கை அவர் பலகையில் வைத்து, ஓட்டைகள் உள்ள பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இந்தப் பக்கத்து ஓட்டயெல்லாம் இன்னுங் கொஞ்சம் பெருசாக்க முடியுமா?"

அவன் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஏன், உதை இன்னும் குறைய வேண்டுமா என்று கேட்டான்.

குமரப்பர் தலையாட்டினார். இந்தத் தடவை கேள்வி நன்றாகவே காதில் விழுந்திருந்தது.